சித்தன்னவாசலில் வோல்ட் திருடன்!

சித்தன்னவாசலுக்கு எல்லோரும் புளிசாதம் கட்டிக்கொண்டு போவார்கள். நாங்கள் கார் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனோம்! புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். நண்பர், பேங்க்கில் ரிட்டயரானவர். லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரர். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மாவட்டத்து மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டதல்லவா? அதிலிருந்து வருஷா வருஷம் மழைக்கு முன்னால், பேட்டரியை மட்டும் வைத்து ஓர் ஒத்திகை.

முதலில் அறிவர் கோயில். தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் ஆள்... ஆயிரம் வருஷத்துக்கும் மேலான ஓவியம். மங்கிப்போயும் மயக்குகிறது. உள்ளறையில் நின்று மெல்ல 'ம்ம்ம்' என்றால் அறையே கூடச் சேர்ந்து ரீங்கரிக்கிறது. சிலிர்த்துவிட்டது எனக்கு!

"இதே சத்தம் வீட்டு செட்ல வந்தா சிலிர்க்கக்கூடாது தம்பி! பவர் சப்ளை கெபாசிட்டர் காய்ஞ்சுபோயிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கின கையோட உள்ளே விரலை விட்டுடாதீங்க, அதுல சார்ஜ் உட்கார்ந்திருக்கும்" என்றார்.

கோயிலை விட்டுத் தள்ளி, ஒரு வேப்பமர நிழலில் கடை விரித்தோம். செட்டில் குரல்கள் ஜோராகக் கேட்டன. பேச மைக்கை அழுத்தினால்... விளக்கு பொசுக்கென்று அணைந்தது. விட்டால் எரிகிறது, அழுத்தினால் அணைகிறது!

"செட்டு போச்சா சார்?"

"அதுக்குள்ள செட்டைத் திட்டாதீங்க" என்று மீட்டரை எடுத்தார். பேட்டரியில் 12.6 வோல்ட். செட் முனையிலும் அதேதான்.

"சரியாத்தானே இருக்கு?"

"சும்மா உட்கார்ந்திருக்கிறப்ப எல்லாரும் நல்லவங்கதான். வேலை கொடுத்துப் பாருங்க!"

எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தது. மைக்கை அழுத்தியபடி அளந்தார். பேட்டரியில் 12.2, செட் முனையில் 10.2! நடுவில் 2 வோல்ட்டை யாரோ திருடுகிறார்கள்.

100 வாட் செட் பேசும்போது 20 ஆம்பியர் இழுக்கும். வழியில் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், 2 வோல்ட் காலி. பெரும்பாலான செட்டுகள் கேட்பது 13.8 வோல்ட், 11.7-க்குக் கீழே போனால் முரண்டு பிடிக்கும்.

திருடனைப் பிடிக்க விரலே போதும். ஃபியூஸ் மாட்டுகிற இடம் சுட்டது; உள்ளே பச்சையாகக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்தார். நீளமான மெல்லிய ஒயருக்குப் பதில் குட்டையான தடித்த ஒயர். இப்போது மைக்கை அழுத்தினால் 11.9!

கூப்பிட்டார். மதுரைப் பக்கமிருந்து பதில் வந்தது.

புயலன்றைக்கு இந்தத் திருடன் வந்திருந்தால்? இருட்டில், மழையில், செட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்போம். வீட்டில் எமர்ஜென்சி விளக்கு, இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்தான்: சும்மா அளக்காதீர்கள். வேலை கொடுத்து அளந்து பாருங்கள், சார்!