சமரச மேசை

பிணக்குத் தீர்க்கும் வித்தையைக் கற்பதற்கு ஒருவர் பாரிஸ் நகரம் வரையில் போகத்தான் வேண்டுமோவென்று பங்சாரிலுள்ள நமது உறவினர் பலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. நாட்டாண்மை, பஞ்சாயத்து, கோயில் வாசலில் சத்தியம் என்று எத்தனையோ ஏற்பாடுகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த சமூகமல்லவா நம்முடையது! ஆனால் அவற்றிலெல்லாம் தீர்ப்புச் சொல்லுகிறவர் திண்ணைமேல் இருப்பார்; கேட்கிறவர் கீழே கைகட்டி நிற்பார். நாம் பாரிஸில் கண்டது வேறு.

1919-ம் ஆண்டில் தோன்றிய சர்வதேச வர்த்தகச் சபை பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்டது. அச்சபை 2006-ம் ஆண்டில் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கென்று வர்த்தக மத்தியஸ்தப் போட்டியொன்றைத் தொடங்கிற்று. கோலாலம்பூரிலிருந்து சென்ற குழுவொன்றில் நாமும் ஒருவராயிருந்தோம். பிப்ரவரி மாதத்துக் குளிரைப் பற்றி எழுதப் புகுந்தால் வேறொரு கட்டுரையாய் முடியும், அதை விட்டுவிடுவோம்.

போட்டியின் முறை இது. இரண்டு வியாபாரிகளுக்குள் நேர்ந்த தகராறொன்றின் வரலாறு இரு குழுவினருக்கும் முன்னதாகவே கொடுக்கப்படும். அதனோடு ஒவ்வொரு குழுவுக்கும் மற்றவர் அறியாத இரகசியக் குறிப்பொன்றும் உண்டு. ஒரு மாணவர் வியாபாரியாகவும், மற்றொருவர் அவருடைய வழக்கறிஞராகவும் அமர்வர். எதிரே வேற்று நாட்டார் இருவர். நடுவே மத்தியஸ்தர், அத்தொழிலையே செய்து வருகிறவர். நடுவர்கள் மதிப்பெண் இடுகிறார்கள். எதிரியை மடக்குவதற்கு அங்கே மதிப்பில்லை. அவனுக்கு வேண்டியது இன்னதென்று எப்படிக் கேட்டறிந்தாய், உன் கட்சிக்காரனுடைய நன்மையை எப்படிக் காத்தாய், இருவரும் கூடி என்ன வழி கண்டீர்கள் என்பதற்கே மதிப்பு. மேசையை ஓங்கித் தட்டிப் பேசும் நம்மூர்ச் சூரர்கள் அங்கே பூஜ்யம் வாங்கித் திரும்புவார்களென்பதில் நமக்கு ஐயமில்லை.

ஒரு சுற்றில் வெகுநேரம் பணத்தொகையே பேச்சாயிருந்தது. மத்தியஸ்தராயிருந்த அம்மையார் குறுக்கிட்டு, அந்தப் பணம் கைக்கு வந்த மறுநாள் காலையில் தாங்கள் என்ன செய்வதாக உத்தேசமென்று எதிர்த்தரப்பு வியாபாரியைக் கேட்டார். அம்மாணவர் சற்றுத் தயங்கிவிட்டு, சரக்குக் கொடுக்க வேறு ஆளைத் தேடவேண்டும் என்றார். வழக்கு அவ்விடத்திலேயே திரும்பிவிட்டது. அவருக்குச் சரக்கு வேண்டும். நமக்கு வாங்குவோர் வேண்டும். இதை எந்த நீதிமன்றமும் தீர்ப்பில் எழுதிக் கொடுத்திருக்காது.

நமது குழு முதற் சுற்றுகளோடு நின்றுவிட்டது. அதில் நமக்கு மனக்குறை இல்லை. நம்மை உறுத்தியது அந்த நாற்காலிகள்தாம். எல்லாம் ஒரே உயரம்!

பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டந்தான். இப்பொழுது அங்கே விலையுயர்ந்த காப்பிக் கடைகள் இருக்கின்றன. நமது பூட்டனார் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டியவர். துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி ஓரமாய் நிற்கவேண்டுமென்பது அக்காலத்துச் சட்டம். எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம்! 1941-ம் ஆண்டில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த தோழர் ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு என்னும் கோரிக்கைகளோடு, துரைக்கு முன்னால் சைக்கிளில் ஏறிச் செல்லும் உரிமையும் ஒரு கோரிக்கையாயிருந்தது. இதற்கு அரசாங்கம் அளித்த மறுமொழி என்ன? மே மாதத்தில் நாதனைச் சிறைப்படுத்திப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தியது. பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

அன்று கெட்டிக்கார மத்தியஸ்தர் ஒருவரைப் பாரிஸிலிருந்து வரவழைத்திருந்தால் காரியம் நடந்திருக்குமா? நடந்திராது என்பதே நமது எண்ணம். சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டியவனிடம் உனக்கு என்ன வேண்டுமென்று கேட்டால், ஒன்றும் வேண்டாம் துரை என்பதே பதிலாய் வரும். அதைச் சமரசமென்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடலாம். நமது தோட்டங்களில் கங்காணிமார் முடித்துவைத்த ராஜிகளில் இவ்விதமானவை எத்தனையோ!

இப்பொழுது நிலைமை முற்றிலும் அப்படியில்லை. 2012-ம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டப்படி மத்தியஸ்தத்துக்கு உடன்படுவது அவரவர் விருப்பம்; அங்கே பேசியதை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டி ஒருவரைச் சிக்கவைக்கவும் இயலாது. 2019-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி சிங்கப்பூரில் 46 நாடுகள் மத்தியஸ்த உடன்பாடுகளைப் பற்றிய ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. மலேசியா, சிங்கப்பூர், இந்தியா, இலங்கை ஆகிய நான்கும் அவற்றுள் அடங்கும். ஆயினும் அது எல்லை கடந்த வர்த்தகத்துக்கு உரியது. மரம் வெட்டுகிறவருக்கும் கடைச் சிப்பந்திக்கும் உரிய மேசை வேறிடத்தில் இருக்கிறது.

அது 1967-ம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ம் பிரிவில் இருக்கிறது. நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி தொழில் உறவு இலாகாவில் எழுத்து மூலம் முறையிடலாம். இலாகா முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசப் பேச்சு நடத்தும். அங்கே முதலாளிக்காகவும் வழக்கறிஞர் வந்து வாதாட முடியாது. வழக்கறிஞராகப் போகிற நாமே இதை மெச்சுகிறோம். இணக்கம் ஏற்படாவிடில் தொழில் நீதிமன்றம் உண்டு. ஆனால் முறையீட்டுக்குத் தவணை 60 நாட்களே. இதைப் படிக்கும் தோழர்கள் அந்தக் கணக்கைப் படிக்காத தொழிலாளத் தோழர்களுக்கும் வாய்மொழியாகச் சொல்லி வைப்பார்களாக. நீக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணவேண்டும். பார்க்கலாம், பேசலாமென்று நிர்வாகத்தார் இழுத்தடிக்கும் நாட்களும் அந்த 60-ல் சேர்ந்தவையே.