முதியோர் நலமும் நம் துணையும்

உடல்நலம் பேணுதல் அவரவர் பொறுப்பு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். வேளை தவறாமல் மருந்துண்ணுதல், இனிப்பையும் உப்பையும் குறைத்தல், நாள்தோறும் சிறிது தூரம் நடத்தல் ஆகியவை மனவுறுதி ஒன்றினாலேயே கைகூடும் என்பது பலரது எண்ணம். நம் இல்லத்து முதியவர்களைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் உண்மை வேறாக இருக்கக் காண்கின்றோம். அவர்கள் யாருடன் உண்ணுகின்றனர், யாருடன் நடக்கின்றனர், "மருந்து சாப்பிட்டீர்களா?" என்று கேட்க யார் இருக்கின்றனர் என்பவற்றைப் பொறுத்தே அவர்தம் பழக்கங்கள் அமைகின்றன.

நம் பாட்டன் பாட்டியர் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த காலத்தை எண்ணிப் பாருங்கள். விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். ஒருவர் வரவில்லையெனில் அச்செய்தி லயம் முழுவதும் பரவிவிடும். காய்ச்சலென்று படுத்தவருக்கு அடுத்த வீட்டுக் கஞ்சி வந்து சேரும். வாளியைச் சுமந்து மரத்துக்கு மரம் நடந்த கால்களுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு? அவ்வாழ்வு இன்பமயமானது என்று நாம் கூற வரவில்லை. வறுமை இருந்தது; கள்ளுக்கடையும் இருந்தது. அக்கடைக்கும் பெரும்பாலோர் கூட்டாகவே சென்றனர் என்பதையும் மறைப்பதற்கில்லை! கூட்டுறவு நல்ல பழக்கத்தை வளர்ப்பது போலவே தீய பழக்கத்தையும் வளர்க்க வல்லது.

பின்னர் இரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. நான்காம் மாடியில் வாழும் பாட்டியிடம், "தினமும் நடந்தால் நல்லது" என்று கூறிப் பாருங்கள். "யாரோடு நடப்பது?" என்று அவர் திருப்பிக் கேட்பார். அது சோம்பலால் வரும் கேள்வியன்று. மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின் தமக்கென்று மட்டும் உலை வைக்க அவருக்கு மனம் வருவதில்லை. டின்பால் ஊற்றிய தேத்தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும் நண்பகல் உணவாகிவிடுகின்றன.

அறிஞர்களும் இவ்வுண்மையை ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள அலமீடா வட்டாரத்தில் ஏறத்தாழ 7,000 பேரை 9 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1979ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. உற்றார், நண்பர், சங்கம் ஆகிய தொடர்புகள் குறைந்தோரிடையே, அவை நிறைந்தோரைவிட இறப்பு மிகுதியாக இருந்ததை அது காட்டியது. புகைத்தல், குடி முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னரும் அவ்வேறுபாடு மறையவில்லை.

நம் நாட்டு நிலையும் கவலைக்குரியதே. 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களுள் ஏறத்தாழ 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியரிடையே அது ஏனைய இனத்தாரைக் காட்டிலும் மிகுதி. இரத்த அழுத்தமோ பெரும்பாலும் வலியின்றி, அறிகுறியின்றி இருக்கும். "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று மாத்திரையை நிறுத்திவிடும் தாத்தாக்கள் எத்தனையோ பேர்.

மாணவச் செல்வங்களே, இவ்விடத்தில் உங்களுக்கு ஒரு வேலை உண்டு. அரசாங்க மருந்துப் பையின் மேல் மலாய்மொழியில் எழுதியிருக்கும். "சாத்து பீஜி, டுவா காலி செஹாரி, செலெபாஸ் மாக்கான்" என்பதை நீங்கள் நொடியில் படித்துவிடுவீர்கள். பாட்டிக்கு அது வெறுங்கோடு. உணவுக்குப் பின் உண்ண வேண்டியதை வெறும் வயிற்றில் உண்டு, வயிறு கலங்கி, மருந்தே ஆகாது என்று தூக்கி வைத்தவர்களை நாம் அறிவோம். பையைப் படித்துச் சொல்லுங்கள். காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று எனப் படம் வரைந்து சுவரில் ஒட்டிவையுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. அன்பு வேறு, அதட்டல் வேறு. "சர்க்கரை தொடாதே, ஊறுகாய் தொடாதே" என்று பேரப்பிள்ளைகள் முன்னிலையில் கண்டித்தால், முதியவர் அதனை ஒளித்துவைத்து உண்ணப் பழகுவார். கிளினிக்கிலும் உண்மையைச் சொல்லமாட்டார். அவருக்கு மட்டும் உப்பில்லாச் சமையல் செய்து தனித்தட்டில் வைப்பதும் தண்டனைபோல் தோன்றும். வீட்டார் அனைவரும் ஒரே குழம்பில் உப்பைக் குறைத்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை. விருந்துக்கு வருவோர், "இன்றைக்கு ஒரு நாள்தானே" என்று லட்டுவை நீட்டுவதும் அன்பினால்தான். அத்தகைய ஒரு நாட்கள் நம் வழக்கத்தில் ஆண்டுக்கு எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிளினிக்கிற்குச் செல்லும் நாள்தான் எல்லாவற்றினும் கடினமானது. இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றுடன் அதிகாலையில் போக வேண்டியிருக்கும். அழைத்துச் சென்றால் மகனுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அதனை அறிந்த தாய், "இந்தத் தடவை வேண்டாமப்பா, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். மகனும் வேலைக்குப் போய்விடுகிறான். இவ்வாறே மாதங்கள் கழிகின்றன. காலில் பட்ட புண் ஆறாதபோதுதான் இருவரும் திடுக்கிடுகின்றனர்.

நாம் அறிந்த ஒரு குடியிருப்பில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். நான்கு வீட்டு முதியவர்கள் தங்கள் கிளினிக் அட்டைகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, தாதியரிடம் கேட்டு ஒரே நாளை வாங்கிக்கொண்டனர். ஒரு வாடகைக் காரைப் பேசிக்கொள்கின்றனர். நான்கு குடும்பத்துப் பிள்ளைகளுள் யாரேனும் ஒருவர் முறைவைத்து உடன் செல்கிறார். பரிசோதனை முடிந்ததும் அருகிலுள்ள கடையில் தோசை உண்டு, சீனியில்லாத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வீடு திரும்புகின்றனர். சீனியில்லாமல் குடிப்பது ஆரம்பத்தில் யாருக்கும் பிடிக்கவில்லையாம். ஒருவர் கேட்டால் மற்ற மூவரும் சிரிப்பார்களே என்றுதான் சீனி கேட்கவில்லை என்று அவர்களுள் ஒரு பாட்டி நம்மிடம் கூறினார்.