பழகிய நாயும் பறக்கும் காடையும்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பாப்வைட் காடை வேட்டைக்கு நாய் பழக்குவோரிடம் அவ்வப்போது வளர்ந்த நாய்களும் வந்து சேர்கின்றன. பாயின்டர், செட்டர் முதலிய பறவை நாய்களின் வழிவந்தவை. ஆயினும் மூன்று நான்கு ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, காடையின் வாடையை அறியாதவை. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று நம்மிடையே வழங்கும் ஐயம் அங்கும் உண்டு. (இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் இத்தகைய வேட்டைக்கு இடமளிப்பதில்லை. ஆகவே கற்றல் குறித்த செய்தியாகவே இது நமக்குப் பயன்படும்.)

வயது குறித்த ஐயத்திற்கு ஓரளவு விடை உண்டு. 2016இல் வெளியான வியன்னா ஆய்வு ஒன்றில், ஐந்து மாதம் முதல் பதின்மூன்று வயது வரையிலான 95 பார்டர் கோலி நாய்கள் தொடுதிரையில் படங்களைத் தெரிவுசெய்யப் பழக்கப்பட்டன. மூத்த நாய்கள் கற்றுக்கொள்ளக் கூடுதல் முயற்சிகள் தேவைப்பட்டன. ஆனால் தெரிந்ததை விலக்கித் தெரியாததை ஊகிக்கும் சோதனையில் மூத்தவையே மேலோங்கி நின்றன. ஆறு மாதம் கழித்து நினைவைச் சோதித்தபோது வயதால் வேறுபாடு தென்படவில்லை. மேய்ச்சல் நாய்களிடம் கண்ட முடிவை வேட்டை நாய்க்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். எனினும் நான்கு வயதைக் கற்கும் பருவம் கடந்த வயதாகக் கருத அதில் இடமில்லை.

உண்மையான இடர், அந்த நாய் முன்னரே கற்றவற்றில் இருக்கிறது. வாடை கண்டதும் உறைந்து நிற்பது பாயின்டருக்குப் பிறவியிலேயே அமைந்த இயல்பு. இரண்டு மாதக் குட்டியிடமே அதைக் காணலாம். அதே இயல்பால் அது முற்றத்துப் புறாவைத் துரத்தியிருக்கும். துரத்தியதற்கு அடியும் வாங்கியிருக்கும். பறவை என்றால் தண்டனை என்பது அதற்குப் பதிந்துவிட்ட பாடம். இத்தகைய நாயை வயலில் விட்டால் காடையை மோப்பத்தால் கண்டுகொள்ளும். கண்டும் காணாததுபோல் விலகி நடக்கும். மோப்பமற்ற நாய் என்று உரிமையாளர் சலித்துக்கொள்வார். மோப்பத்தில் குறையே இராது. முதுகலை முடித்து வரும் மாணவரைப் பற்றி நெறியாளர்கள் சொல்லும் குறைகளிலும் பாதி இத்தகையதே.

அதனால் தேர்ந்த பயிற்சியாளர் முதல் சில வாரங்கள் கட்டளை எதையும் தருவதில்லை. புறாக்களைப் பறக்கவிட்டு, நாய் மனங்கொண்ட மட்டும் துரத்த விடுகிறார். ஒழுங்கு பின்னர் வரும்: இருபது முப்பது அடிக் கயிறு, ‘நில்’ என்னும் ஒரே சொல், அதுவும் முதலில் பறவை இல்லாத இடத்தில். நாய் பறவையை விரும்பத் தொடங்குமுன் அடக்கத் தொடங்கினால் பழைய பாடமே உறுதிப்படும்.

வெடியோசையில்தான் பெரும்பாலான நாய்கள் கெடுகின்றன. ‘பயம் இருக்கிறதா பார்ப்போம்’ என்று நாயின் தலைமேல் துப்பாக்கியை வெடித்துப் பார்ப்பவர்கள் இன்றும் உள்ளனர். இது சோதனையே அன்று. இல்லாத பயத்தை உண்டாக்கும் செயல். முறையான வழியில், நாய் பறவையைத் துரத்தி வெகுதூரம் ஓடிக்கொண்டிருக்கையில், உதவியாளர் நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து குண்டில்லாத சிறு வெடியொன்றை வெடிக்கிறார். ஓட்டம் தடைபடாவிடில் மறுநாள் சற்று நெருங்கலாம். நாய் நின்று திரும்பிப் பார்த்தால் அன்றைய பாடம் அத்துடன் முடிந்தது. அடுத்த முறை தொலைவு இன்னும் கூடும். பொறுமையற்றவர்கள் இதை ஒரே பிற்பகலில் முடிக்க முயல்கிறார்கள்.

முறையாகச் செய்தாலும் பழைய பயம் அழிந்துவிடுவதில்லை. நாய்களை வைத்து ஆய்ந்த பாவ்லோவே இதைக் கண்டவர்: தணிந்துபோன எதிர்வினை சிறிது ஓய்வுக்குப் பின் தானே மீண்டும் தலைகாட்டியது. பழையது அழியவில்லை, அடங்கியே இருந்தது என்பது அவர் கொண்ட முடிவு. மார்ச்சில் தேறிய நாய் நவம்பரில், இருவர் ஒருசேரச் சுட்ட ஓசையில், வண்டியின் அடியில் போய் ஒடுங்குவதற்குக் காரணம் இதுவே. உரிமையாளர் அதைப் பயிற்சியின் தோல்வி என்பார். பயிற்சியாளர் மறுநாள் காலை கயிற்றையும் இரண்டு புறாக்களையும் எடுத்துக்கொண்டு, நூறு கஜத் தொலைவிலிருந்து மறுபடி தொடங்குகிறார்.