சாவியும் கயிறும்

மே 4
அப்பாவை நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வலக்கையைத் தூக்குகிறார், பிடி இல்லை. வந்ததும் கேட்டது கராஜில் நிற்கும் ஜோன்சனைத்தான். 1960களில் வந்த 40 குதிரைவலுப் படகு இஞ்சின். பீற்றர்பரோவில் செய்ததென்று தகட்டில் இருக்கிறது. செய்த கம்பனி 2000இல் முறிந்துபோனது. சாவியால் ஸ்டார்ட் பண்ணும் வசதி உண்டு, பல காலமாக வேலை செய்வதில்லை. மூடியைக் கழற்றி, பிளைவீலில் கயிறு சுற்றி ஒரே இழுவை. அப்பாவுக்கு அதுவே போதுமாயிருந்தது.

மே 6
சாவியைத் திருப்பினால் சோலனொயிட் ‘டக்’ என்கிறது. பிறகு ஒரு முனகல்.

மே 9
அப்பா இடக்கையால் சாவியைத் திருப்பிப் பிடிக்க, நான் அளந்தேன். பற்றறியில் 11.8 வோல்ட், ஸ்டார்ட்டர் முனையில் 8கூட இல்லை. சோலனொயிட்டில் இழப்பில்லை. நெகட்டிவ் கேபிளின் உறையைக் கீறினேன்; உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது.

“ஏன் பிள்ளை மினக்கெடுறாய்? கயிறு இருக்குதானே.”

என்ன சொல்வது? கேபிளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

மே 12
வேலை முடிந்து பிரிம்லி வீதியால் புளஃபர்ஸ் பார்க் இறங்கினேன். படகுகள் இறங்கத் தொடங்கிவிட்டன. அப்பாவின் ஊரான மயிலிட்டியின் துறையை 2017இல் இராணுவம் விட்டபோது ஒருக்கால் போய்ப் பாருங்கோ என்றோம். “இஞ்ச படகு நிக்குது” என்றார்.

மே 15
புதுக் கேபிள் போட்டாயிற்று. இப்போது ஸ்டார்ட்டர் சுழல்கிறது, இஞ்சின் அசையவில்லை. தண்டிலுள்ள சிறு பல்சக்கரம் சுழலும் வேகத்திலேயே புரியில் மேலேறி பிளைவீலின் பல்லைப் பிடிக்க வேண்டும். பெண்டிக்ஸ் என்பார்கள். பழைய கிறீஸ் மெழுகாக இறுகி அதைக் கீழேயே பிடித்து வைத்திருந்தது. மண்ணெண்ணெய் விட்டு பிரஷால் தேய்த்தேன்.

மணம் எழும்பியதும் அப்பா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். 1990இல் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்ட பிறகு கிளாலியில் படகு ஓட்டினார் என்பது தெரியும், விபரம் சொன்னதில்லை. ஆனையிறவுப் பாதை மூடியிருந்த காலம். குடாநாட்டுக்குப் போய்வர, இரவில் நீரேரியைக் கடக்க வேண்டும். முன்னால் ஓர் இஞ்சின் படகு, பின்னால் கயிற்றில் கோத்த படகுகள். பெற்றோலுக்கும் பற்றறிக்கும் தடை. ஒரு மூடி பெற்றோல் விட்டு இழுத்து, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். 1993 ஜனவரி 2 இரவு கடற்படை பயணிகளைச் சுட்டதும் அங்கேதான்.

“நடுவில நிண்டிட்டா அவ்வளவு சனமும் என்ர கையைத்தான் பாக்கும்.”

மடியில் கிடந்த வலக்கையை இடக்கையால் தூக்கிக் கதிரைச் சட்டத்தில் வைத்தார். நான் தேய்த்துக்கொண்டேயிருந்தேன். திரும்பக் கிறீஸ் பூசவில்லை. இதற்கு மெல்லிய எண்ணெய் இரண்டு துளிதான் விடவேண்டும்.

மே 16
அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. ஆரோடும் பேச எனக்கும் மனமில்லை.

மே 23
புதுக் கேபிள் போட்டாயிற்று. சட்டத்தில் நின்ற இஞ்சினின் அடிப்பக்கம் முங்க, பீப்பாவில் தண்ணீர் நிறைத்தோம். வறண்டு ஓடினால் பம்பின் ரப்பர் கருகிவிடும். அப்பாவே சாவியைத் திருப்பினார். பிளைவீல் விசுக்கென்று சுழன்றது! நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஆனால் இஞ்சின் பிடிக்கவில்லை. கீழ்ப் பிளக்கில் பொறி நீலமாகப் பாய்கிறது, மேலதில் ஒன்றுமே இல்லை. கொயில் வெடித்திருக்கலாம். பிளைவீலைக் கழற்றினால்தான் தெரியும்.

“சாவி நல்லாயிருக்கு” என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, “கயிறும் புதுசா ஒண்டு வாங்கு. பற்றறி செத்தா நீதான் இழுக்கவேணும்.” முடிச்சு எவ்வளவு தடிப்பில் இருக்கவேண்டுமென்று இடக்கை விரல்களால் காட்டினார்.

மே 24
பிளைவீல் புல்லர் இரவல் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை கிடைக்கலாம். செவ்வாய் அப்பாவுக்குப் பிசியோ.