சுககு

மேலூர்ப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டுப் பரணில் ஒரு கட்டு வைத்தியச் சுவடி இருந்தது. ஏழாம் வகுப்பு விடுமுறையில் அதை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். "சு... க... கு..."

"சுககுன்னு ஒரு சரக்கு எந்தக் கடையிலடா விக்குது? சுக்குடா" என்றார் தாத்தா.

புள்ளியே இல்லையே என்றேன்.

"ஓலையில புள்ளி குத்துனா கிழிஞ்சு போகும். படிக்கிறவனுக்குச் சுக்கு தெரியும்னு நம்பித்தானே எழுதியிருக்கான்."

அந்தப் பேச்சு பல வருஷம் கழித்து மதுரைக்கு அருகே மாங்குளத்தில் திரும்ப ஞாபகம் வந்தது. மீனாட்சிபுரத்தை ஒட்டிய மலையில் ஏறினால் குகைத்தளம், சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள், மழைத்தண்ணீர் உள்ளே வராமல் பாறை நெற்றியில் வெட்டிய காடி. அங்கே பாறையில் வெட்டிய பழைய எழுத்துகள். ராபர்ட் சீவெல் 1882இல் இவற்றைக் கவனித்தார். ஆனால் வெகுகாலம் வாசிக்கத்தான் முடியவில்லை. எழுத்து பிராமி. மற்ற இடங்களில் அந்த எழுத்தில் கிடைத்த பழைய கல்வெட்டுகள் பெரும்பாலும் பிராகிருதம். அதனால் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு முட்டிமோதினார்கள்.

கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய அய்யர் எது இருக்கிறது என்பதோடு எது வரவில்லை என்றும் பார்த்தார். தங்கம், பந்து என்னும்போது மெல்ல ஒலிக்கிற க, த போன்றவற்றுக்கும், மூச்சை அழுத்திச் சொல்லும் வடமொழி எழுத்துகளுக்கும் பிராமியில் தனித்தனி வடிவம் உண்டு. மதுரைக் குகைகளில் அவை அநேகமாக இல்லை. அங்கொன்று இங்கொன்றாகத் தென்படுவதும் இரவல் சொற்களில். அதே சமயம் தமிழுக்கென்றே செய்துகொண்ட ழ, ள, ற, ன இருந்தன. 1924இல் சென்னையில் கூடிய மூன்றாவது அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டில், இது தமிழ் என்றார். இல்லாத எழுத்தைச் சாட்சிக்கு அழைக்கத் தோன்றியதே, அதை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது.

அதற்குப் பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை. 'மகன்' என்று இருக்க வேண்டிய இடத்தை அசோகர் கல்வெட்டுகளைப் படிக்கும் முறைப்படி வாசித்தால் 'மாகான' என்று வரும். கல்தச்சனுக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பின்னால் வந்த கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் தச்சன் மேல் பழி போடவில்லை. பழைய குகைகளில் பக்கத்தில் உயிர்க்குறிக் கோடு இல்லாத எழுத்து 'க' அல்ல, 'க்'. கோடு போட்டது 'க'வாகவும் இருக்கலாம், 'கா'வாகவும் இருக்கலாம். இப்படி ஒரு விதியை வைத்ததும் பிழை என்று தள்ளியவை தமிழாக எழுந்து நின்றன. 1965இல் மாங்குளத்தில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரை அடையாளம் கண்டார். ஒரு பாறையில் பிடித்த விதி அடுத்த பாறையிலும் நிற்க வேண்டுமே! அதற்காகத் தொண்ணூறுகளில் மறுபடியும் மலைமலையாக ஏறினார். அவருடைய பெரிய நூல் 2003இல்தான் வந்தது.

சமணர் மலை, யானைமலை, அழகர்மலை என்று நானும் சுற்றியிருக்கிறேன். எந்தக் கோடு எழுத்து, எது பாறை வெடிப்பு என்று தடவித் தடவிப் பார்க்கும்போதெல்லாம் வேப்பெண்ணெய் வாசத்தோடு அந்தச் சுவடிதான் ஞாபகத்துக்கு வரும்.

அதே விடுமுறையில் ஏட்டைப் பார்த்து நானே சீட்டு எழுதிக்கொண்டு, மதுரை கீழமாசி வீதி நாட்டுமருந்துக் கடைக்குச் சரக்கு வாங்கப் போனேன். சுக்கு, மிளகு, திப்பிலி. அதற்குக் கீழே 'சிற்றாத்தை'. எனக்கு அது சின்னாத்தா மாதிரி கேட்டது. புள்ளிகளையெல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தேன். ஓலையில் ரகரமும் காலும் ஒரே உருவம் என்பது அப்போது தெரியாது.

கடைக்காரர் அந்த வரியில் ஒரு கணம் நின்றார். மேலே இருந்த மூன்று பெயர்களையும் மறுபடி பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"தம்பி, சிற்றரத்தை நூறு கிராம் போடு" என்று உள்ளே குரல் கொடுத்தார்.