லைற்றை யார் நூர்க்கிறது?

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கும் லினக்ஸ் கேர்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அன்ட்ரொயிட் போன் ஓடுவதே அந்தக் கேர்னலில்தான். அப்ப எங்களுக்கும் சம்பந்தம் இருக்கு.

போனுக்குள் கமரா, திரை, மெமரி காட் எல்லாவற்றுக்கும் வேறு வேறு வோல்டேஜ் வேண்டும். கொடுப்பது வோல்டேஜ் ரெகுலேற்றர்கள். பல ரெகுலேற்றர்களில் 'எனேபிள்' என்று ஒரு கால் இருக்கும். அதில் சிக்னல் வந்தால் மின் பாயும், போனால் நிற்கும். அந்தச் சிக்னலைக் கொடுப்பது டிரைவர் என்கிற மென்பொருள்.

சில போர்ட்டுகளில் இரண்டு மூன்று ரெகுலேற்றர்களின் எனேபிள் கால்கள் ஒரே இணைப்பில் தொங்கும். நாலு பேர் இருக்கிற ஹொஸ்டல் றூமில் ஒரேயொரு சுவிட்ச் மாதிரி. ஒருத்தர் படுக்கப்போகிறார் என்று நூர்த்தால், அசைன்மென்ட் எழுதுகிற மற்றவர் இருட்டில்.

கேர்னல் இதற்கு வைத்திருக்கிற வழி வெறும் எண்ணிக்கைதான். ஒருவர் கேட்டால் ஒன்றைக் கூட்டும், போதும் என்றால் ஒன்றைக் கழிக்கும். முதலாவது ஆள் கேட்கும்போது இணைப்பு ஒன் ஆகும். கடைசி ஆள் விட்ட பிறகுதான் ஓஃப். ஒவ்வொரு ரெகுலேற்றருக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. கேட்காமலே 'போதும்' என்று சொன்னால் கணக்குப் பிழை என்று எச்சரிக்கும். 2008 இல் 2.6.27 பதிப்போடு வந்த ரெகுலேற்றர் கட்டமைப்பின் அடிப்படை இந்த எண்ணிக்கைதான்.

எங்களை யோசிக்க வைத்தது அடுத்த விசயம். போன் ஒன் ஆகும்போது கேர்னலுக்கு முன்னமே சில ரெகுலேற்றர்கள் ஓடிக்கொண்டிருக்கும். இயக்கம் தொடங்கி ஏறத்தாழ 30 செக்கனில், யாரும் கேட்காதவற்றைக் கேர்னல் பொதுவாக நிறுத்திவிடும். கேட்கவில்லை என்றால் தேவையில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். உண்மையில் பாவிக்கிற ஒரு சிப், டிரைவர் இல்லாததால் பேசாமல் இருந்திருக்கலாம். அதுவும் செத்துப்போகும்.

2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனபோது, ஊர்களை ஆங்கில எழுத்துகளாகப் பிரித்து அட்டவணை போட்டார்கள். எந்த வீட்டில் யாருக்கு நெபுலைசர் வேண்டும் என்று அந்த எழுத்துக்குத் தெரியாது. எண்ணிக்கையில் வராதவர்களுக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கேர்னலில் இதற்கு வழி உண்டு. போர்ட்டின் விபரக் கோப்பில் அந்த ரெகுலேற்றருக்குக் கீழே 'எப்போதும் ஒன்' என்று ஒரு வரி எழுதினால் அதை நிறுத்தாது. ஆனால் அந்தச் சிப்புக்கு மின் வேண்டும் என்று தெரிந்த ஒரு மனிசர்தான் அந்த வரியை எழுதவேணும். கேர்னல் தானாக விசாரிக்காது.