இரண்டு தகரமும் ஒரு வளையமும்

சித்திரைத் தேரன்று ஸ்ரீரங்கத்தில் எல்லாரும் வடம் பிடிப்பவர்களைப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் மேல்தான் கண். ஓட்டுவதைவிட நிறுத்துவது பெரிய வித்தை.

ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவரிடம் பழைய டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் இருக்கிறது. 1962-ல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்தக் கார், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். 1953-ல் பிரான்ஸில் நடந்த லெமான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் ஜெயித்தது இந்த ரகப் பிரேக்கினால்தான் என்பார்கள். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் இடுக்கி மாதிரி பிடிக்கிற பாகத்துக்குக் காலிபர் என்று பெயர்.

அதை யாரோ பிரித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நண்பர் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு பாலக்கரை மெக்கானிக்கிடம் போனார். துணைக்கு நான்.

"பாய், இந்த ரெண்டு தகரம் எதுக்கு? பார்சலோடு வந்ததா?"

பாய் திருப்பிப் பார்த்தார். "அம்புக்குறி போட்டிருக்கே சார்! சும்மா போடுவானா? பிரேக் கட்டைக்குப் பின்னால வைக்கணும். சக்கரம் முன்னால சுத்துற பக்கம் அம்பு இருக்கணும். இது இல்லாட்டியும் வண்டி நிக்கும், கத்திக்கிட்டு நிக்கும்."

பிறகு, நண்பர் கேட்கவே கேட்காத ஒரு ரப்பர் வளையத்தை எடுத்தார். அதன் விளிம்பு உருண்டை அல்ல, சதுரம். மிதித்தால் எண்ணெய் பிஸ்டனைத் தள்ளுகிறது. அதைக் கவ்வியிருக்கும் வளையமும் கூடவே சாய்கிறது. காலை எடுத்ததும் வளையம் நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை பின்னுக்கு இழுக்கிறது. ஸ்பிரிங்கே கிடையாது! எனக்குக் கதை படித்த மாதிரி இருந்தது.

பாய் வளையத்தை முகர்ந்தார். மண்ணெண்ணெயில் கழுவியிருக்கிறார்கள், ரப்பர் உப்பிவிட்டது. இனி அது பிஸ்டனை விடாது. பிரேக் பிடித்தபடியே சூடேறும்.

"ஞாயிற்றுக்கிழமை குழந்தையை முக்கொம்புக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டேன். மெதுவாகத்தானே ஓட்டப் போகிறேன்?" என்றார் நண்பர்.

"முன்னால சைக்கிள்ல போறவருக்கு அது தெரியுமா சார்?"

புது ரப்பர் வரும்வரை மாட்ட மாட்டேன் என்று, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

முக்கொம்புக்கு அவர்கள் பஸ்ஸில் போனார்கள்.